பூட்டிக் கிடந்த கணப்பில் மறுபடியும் நெருப்பு மூட்டும் முன்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களா. மாடிப் படுக்கையறைச் சுவரில் பழுப்பாக ஒரு கறை. மூன்று முறை பெயிண்ட் அடித்தாயிற்று, மறுபடியும் வந்துவிடுகிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தது சாயங்காலம். கீழே ஹாலில் விருந்தினர்களுக்காகக் கணப்பு (ஃபயர்பிளேஸ்) எரிந்துகொண்டிருந்தது. மாடிக்கு ஏறி, கறையின் மேல் உள்ளங்கையை வைத்தேன். ஈரம் இல்லை, சூடு. இறக்கி வைத்துக் கொஞ்ச நேரமான தோசைக்கல்லைத் தொட்டதுபோல இருந்தது. அந்தச் சுவரை ஒட்டியே ஒரு மர அலமாரி, அதற்குள் மடித்து வைத்த கம்பளிகள்.

உடனே கீழே இறங்கி நெருப்பை எடுக்கச் சொன்னேன். (எரியும் கணப்பில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான செங்கல் வெடிக்கும், அறை முழுக்க ஆவியும் சாம்பலும் பறக்கும். தணலை இரும்பு வாளியில் அள்ளி வெளியே வெறும் மண்ணில் கொட்ட வேண்டும்.) மறுநாள் காலை கறை இருந்த இடத்தில் ஆறு செங்கல்லை எடுத்துப் பார்த்தோம். புகைவழியின் உட்பக்கத்தில் பூச்சு என்று ஒன்றுமே மிச்சமில்லை. செங்கல்களுக்கு நடுவில் இருந்த காரை உதிர்ந்துபோய், விரல் நுழைகிற சந்துகள். மாடித் தரையைத் தாங்கும் தேக்கு உத்திரத்தின் ஒரு முனை அந்தச் சுவருக்குள் செருகியிருந்தது. நுனி நாலு அங்குலத்துக்குக் கரியாகியிருந்தது. நகத்தால் கீறினால் பொடியாகக் கொட்டியது. பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வெந்த மரம் இப்படித்தான் இருக்கும். புது மரம் பற்றுவதற்கு வேண்டிய சூட்டைவிடக் குறைவான சூட்டிலேயே இது பற்றிக்கொள்ளும்.

நீலகிரியில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையில் 22 வருஷமாக இருக்கிறேன். முன்பெல்லாம் கூரை ஒழுகுகிறது, கரையான் ஏறிவிட்டது, சுவரில் ஓதம் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது பங்களாக்கள் ஒவ்வொன்றாக ஹோம்ஸ்டே ஆகின்றன. முப்பது, நாற்பது வருஷம் பலகை அடித்து மூடி வைத்திருந்த கணப்புகளைத் திறந்து மறுபடியும் மூட்டுகிறார்கள். முன்னால் இருக்கும் மரச்சட்டத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள், இரும்புத் தட்டியைத் துலக்குகிறார்கள். சிம்னிக்குள் மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு சிம்னி நல்ல நிலையில் இருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியவே தெரியாது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்.

ஊட்டியில் அப்போதைய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களா 1820களின் தொடக்கத்தில் எழுந்தது. இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது. அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இந்த மலையில் வெள்ளைக்காரர்கள் கட்டிய வீடுகளெல்லாம் அவர்கள் ஊர்க் கணக்கிலேயே சிம்னி வைத்துக் கட்டப்பட்டன. உள்ளே 14 அங்குலத்துக்கு 9 அங்குலம் புகைவழி. சுற்றிலும் பெரும்பாலும் அரைச் செங்கல் கனம், அதாவது நாலரை அங்குலச் சுவர். உட்பக்கத்தில் சுண்ணாம்புக் காரையோடு மாட்டுச்சாணம் கலந்து ஒரு பூச்சு. சாணம் கலந்தால் காரை சூட்டில் அவ்வளவாக வெடிக்காது என்பது அந்தக் கால அனுபவம். தனியாக உட்குழாய் கிடையாது. இங்கிலாந்திலேயே புதுச் சிம்னிக்கு உட்குழாய் வைத்துத்தான் கட்ட வேண்டும் என்பது 1960களின் நடுவில்தான் விதியானது. ஆக, நம் பங்களாக்களில் நெருப்புக்கும் வீட்டு மரத்துக்கும் நடுவே நிற்பது அந்தப் பூச்சும் நாலரை அங்குலச் செங்கல்லும்தான்.

அந்தப் பூச்சு எப்படிப் போகிறது? விறகுப் புகையில் நீராவி இருக்கிறது, அமிலங்கள் இருக்கின்றன. சிம்னியின் மேல்பகுதி குளிர்ந்திருப்பதால் அவை அங்கே சுவரில் படிந்து சுண்ணாம்பைத் தின்கின்றன. மூடிக் கிடந்த வருஷங்களில் மேலே தொப்பி இல்லாத வாயில் மழை நேராக இறங்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு. எந்தப் பக்கம் மழை அடிக்கிறதோ அந்தப் பக்கத்துச் செங்கல்தான் முதலில் போகும். நான் திறந்து பார்த்த பல வீடுகளில் செங்கல்லை மண்சாந்தில் வைத்து, மேலே மட்டும் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். பூச்சு போனால் உள்ளே இருக்கும் மண் கரைய ரொம்ப நாள் ஆகாது.

நீங்களே பார்க்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. கணப்பின் தரையில் தினமும் கொஞ்சம் மணல் விழுந்து கிடக்கிறதா? அது சும்மா தூசி இல்லை, காரை உதிர்கிறது. மழைக்காலத்தில் ஈரமாகத் தெரிந்து வெயிலில் மங்குகிற பழுப்புக் கறை என்றால் புகையின் உப்பும் தாரும் சுவரைத் தாண்டி வெளியே வந்துவிட்டன என்று பொருள். எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் தருவது இன்னொன்று: ஹாலில் மூட்டினால் மாடி அறையில் புகை வாசனை வருவது. ஒரே சிம்னிக்குள் இரண்டு மூன்று அறைகளின் புகைவழிகள் பக்கத்துப் பக்கத்தில் போகும். நடுவில் நிற்பது அந்த அரைச் செங்கல் சுவர்தான். அதில் ஓட்டை விழுந்தால் கீழ் அறையின் புகை மேல் அறைக்குள் திரும்பும். புகை தெரிந்தால் கண் எரியும், எழுந்துவிடுவோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் இறந்துபோன செய்தியைப் படித்திருப்பீர்கள். அதே வாயுதான் இது. கணப்பு எரிகிற வீட்டில், அதிலும் விருந்தினர் தங்கும் வீட்டில், ஒவ்வொரு படுக்கையறையிலும் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருந்தே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அலாரம் வைக்காத வீட்டில் வேலையை முடித்துச் சாவி கொடுக்க மாட்டேன்.

விறகைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே கிடைப்பது சீகை மரமும் கற்பூர மரமும். வெட்டி இரண்டு மாதத்தில் கொண்டுவந்து போட்டால் சூட்டில் ஒரு பகுதி அதிலுள்ள தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். குளிர்ந்த புகை சிம்னிச் சுவரில் கிரியோசோட் என்ற தார் போன்ற படிவாக ஒட்டும். முதலில் பொடியாக இருக்கும், பிறகு செதிலாகும், கடைசியில் கண்ணாடி பூசிய மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். அது ஒரு நாள் பற்றினால் சிம்னிக்குள் சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். ரயில் போவதுபோலச் சத்தம் கேட்கும். விறகைப் பிளந்து, காற்றோட்டமான கொட்டகையில் ஒரு வருஷமாவது அடுக்கி வையுங்கள். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். ஈரம் 20 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அளக்கும் சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது.

சுத்தம் செய்ய இங்கே தனியாக ஆள் கிடையாது. செடிக்கட்டோடு கல்லைக் கட்டி மேலிருந்து கயிற்றில் இறக்கி ஆட்டுகிற வழக்கம் சில எஸ்டேட்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து கல் கட்டாதீர்கள். நடுச்சுவர் உடைவதற்கு அதுவும் ஒரு காரணம். நீளமான கம்பியில் மாட்டும் பிரஷ்ஷே போதும். அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் வெளியிடும் என்எஃப்பிஏ 211 தரவிதி வருஷத்துக்கு ஒரு முறையாவது சிம்னியைச் சோதிக்கச் சொல்கிறது. நம் ஊரில் பருவமழை முடிந்து குளிர் தொடங்கும் முன் பார்த்துவிடலாம். கேபிளில் கட்டி இறக்கும் சின்ன கேமராவை டிரெயினேஜ் வேலை செய்கிறவர்கள் வைத்திருப்பார்கள். வாடகைக்கு வாங்கி இறக்குங்கள்.

அடுத்து சிமெண்ட். நான் பார்க்கிற சேதத்தில் பாதி, பழுதுபார்த்ததால் வந்த சேதம். காரை உதிர்ந்ததும் சிமெண்ட் கலவையில் பாயிண்டிங் (செங்கல் இடுக்குகளை நிரப்புவது), அதற்கு மேலே சிமெண்ட் பூச்சு. பழைய நாட்டுச் செங்கல் மெத்தென்று இருக்கும். சிமெண்ட் கல்லாக இறுகும். உள்ளே போன ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாக வரும், செங்கல் முகம் பத்தையாகப் பெயர்ந்து விழும். இன்னொன்றும் நடக்கும். புகையிலிருந்து படியும் சல்ஃபேட் உப்பு சிமெண்டோடு சேர்ந்து கலவையை உப்ப வைக்கும். மழை அடிக்கிற பக்கம் அதிக நாள் ஈரமாக இருப்பதால் அந்தப் பக்கம் அதிகமாக உப்பும். சிம்னி மெல்ல மறுபக்கம் சாயும். கூரைக்கு மேல் நிற்கும் ஒரு நடுத்தரச் சிம்னியே ஒன்றரை டன் எடை வரும். அது விழுவது கூரை ஓட்டின் மேல், கீழே கட்டில். சுண்ணாம்பில் கட்டியதைச் சுண்ணாம்பில்தான் பழுதுபார்க்க வேண்டும்.

எடையைச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. ஹாலைப் பெரிதாக்க வேண்டும் என்று கீழே கணப்புச் சுவரை மட்டும் இடித்துவிட்டு மேலே இருப்பதை அப்படியே விட்ட ஒரு வீட்டைப் பார்த்தேன். மொத்த எடையும் மச்சின் இரண்டு மரச்சட்டங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றே முட்டுக் கொடுத்தோம்.

சரி, உட்குழாய் போடுவதற்கு வருவோம். பெரும்பாலும் கேட்கிற கேள்வி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப்பை மேலிருந்து இறக்கினால் போதாதா என்பது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். உங்கள் கணப்பின் வாய் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம்: 1,080 சதுர அங்குலம். திறந்த கணப்புக்குப் புகைவழி வாயில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், வட்டக் குழாய் என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. பழைய 14க்கு 9 வழி 126 சதுர அங்குலம். பொருந்துகிறது, அந்தக் காலக் கொத்தனார் கணக்குத் தெரிந்துதான் கட்டியிருக்கிறார். வட்டக் குழாயாகப் போட்டால் 11 அங்குல விட்டமாவது வேண்டும். 9 அங்குல வழியில் அது நுழையாது. 6 அங்குலக் குழாயைச் செருகினால் கிடைப்பது 28 சதுர அங்குலம். அறை முழுக்கப் புகைதான். அப்படிச் செருகிவிட்டுப் போன வேலையைப் பிடுங்கி எடுத்திருக்கிறேன்.

ஆக மூன்று வழிகள். 8 அங்குலக் குழாய் போட்டு, கணப்பின் வாயை 30க்கு 20 அளவுக்குச் சுருக்கலாம். இல்லையென்றால் கணப்புக்குள் கதவு வைத்த இரும்பு ஸ்டவ்வை வைத்து, அதற்கு 6 அங்குலக் குழாய், 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், சுற்றிலும் சூடு தாங்கும் செராமிக் கம்பளம். என் விருப்பம் இதுதான். திறந்த கணப்பில் பெரும்பகுதிச் சூடு சிம்னியோடு போய்விடும். ஸ்டவ்வில் விறகும் மிச்சம், அறையும் சூடாகும். மூன்றாவது, ரப்பர்க் குழாயை உள்ளே விட்டுக் காற்றடித்து, சுற்றிலும் வெப்பம் தாங்கும் இலேசான கலவையை ஊற்றி, இறுகியதும் குழாயை எடுப்பது. உடைந்த நடுச்சுவருக்கும் அது பலம் தரும். ஆனால் புகைவழி இன்னும் குறுகும், எடை கூடும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. நூறு வருஷ வீட்டில் திருப்பி எடுக்க முடியாத வேலைக்கு நான் கடைசியில்தான் போவேன்.

கணப்புக்கு மேலே கழுத்து குறுகியிருப்பதை அடைப்பு என்று நினைத்து உடைத்துவிடாதீர்கள். அகலமான கழுத்தால்தான் புகை அறைக்குள் வருகிறது என்று கணப்புகளை ஆராய்ந்த விஞ்ஞானி ரம்ஃபோர்டு பிரபு 1796லேயே விளக்கி, 4 அங்குலத்துக்குச் சுருக்கச் சொல்லியிருக்கிறார். இன்றும் அதுதான் நிலைமை.

கோத்தகிரி வீட்டில் கூரைக்கு மேல் இருந்ததை முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. முதலில் நாலு பக்கமும் போட்டோ, வரிசைக்கு வரிசை அளவு, எத்தனை வரிசை வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது என்ற எண்ணிக்கை. பிறகு மேலிருந்து ஒவ்வொரு வரிசையாக இறக்கினோம். கணப்பின் வாயைச் சாக்கு அடைத்து மூடியிருந்தோம், ஒரு செங்கல்கூட உள்ளே விழவில்லை. பாதிக்கு மேல் செங்கல் நன்றாக இருந்தது, கரி படிந்த பக்கத்தை மறுபடியும் வெளியே காட்டாமல் வைத்துக் கட்டினோம். காரைக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சுர்க்கி (செங்கல் தூள்) ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு. பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலுக்குள் முடித்தோம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும், மழையில் சுண்ணாம்பு இறுகாது. ஒவ்வொரு நாளும் ஈரச் சாக்குப் போர்த்த வேண்டும். இதைச் சலிக்காமல் செய்தது எங்கள் கொத்தனாரின் மனைவிதான். உயரத்துக்கு ஒரு கணக்கு: சிம்னி கூரையைத் துளைக்கும் இடத்துக்கு மேல் 3 அடியாவது, பத்தடிக்குள் இருக்கும் எந்த முகட்டைவிடவும் 2 அடியாவது கூடுதலாக. உச்சியில் மழை சொட்டி விலகும்படி துருத்திய தொப்பி, அதன் மேல் குரங்கும் தேனீயும் நுழையாதபடி வலை.

உத்திரத்தின் கரிந்த நுனியை வெட்டி, குறுக்கே ஒரு சட்டம் கொடுத்து, சிம்னிச் சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி நிறுத்தினோம். கறை பிடித்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகச் சுண்ணாம்பு பூசினோம். அந்த உப்பு உள்ளே இருக்கும்வரை எந்தப் பெயிண்டும் நிற்காது. ஹாலில் இரும்பு ஸ்டவ், 6 அங்குலக் குழாய். வேலை முடிந்து ஒரு மாதம் நெருப்பு வைக்க விடவில்லை. அப்புறம் முதல் நாள் காகிதமும் சுள்ளியும் மட்டும், அரை மணி நேரம். மறுநாள் ஒரு மணி. ஒரு வாரம் கழித்துத்தான் பெரிய விறகு. அன்று ராத்திரி மூன்று மணி நேரம் எரித்துவிட்டு மாடிக்குப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. ஆனாலும் அலமாரியை எதிர்ச்சுவருக்கு மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டார்கள்.