பெயர் கையில் இருக்கிறது, ஃபங்ஷன் எங்கே?

பயனர் 'சேமி' என்று தட்டச்சு செய்கிறார். நிரலின் கையில் இருப்பது வெறும் எழுத்துச் சரம். அதே பெயரில் ஒரு ஃபங்ஷனும், அதாவது ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்பும், இருக்கிறது. சரத்தை வைத்து அதை ஓட வைப்பது எப்படி?

சி மொழியில் இது சுலபமில்லை. கம்பைல் ஆனபின், அதாவது நிரல் இயந்திர மொழிக்கு மாறியபின், ஃபங்ஷன் என்பது நினைவகத்தில் ஒரு முகவரி. அழைக்கும் கட்டளைக்குப் பெயர் தேவையே இல்லை. பைத்தானில் கதை வேறு. அங்கே 'டெஃப்' என்று தொடங்கும் வரையறையே ஓடுகிற கட்டளைதான். அது ஓடும்போது ஃபங்ஷன் ஒரு பொருளாக உருவாகி, மாட்யூலுக்கென்று (அந்த நிரல் கோப்புக்கென்று) இருக்கும் அகராதியில் தன் பெயரோடு பதிவாகிறது. இந்த அகராதி ஒரு ஹேஷ் டேபிள்: பெயரிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, பொருள் இருக்கும் இடத்தை அதை வைத்தே பிடித்துவிடும். பெயர்கள் பத்தோ பத்தாயிரமோ, தேடும் நேரம் பெரிதாக மாறாது.

வேடிக்கை என்னவென்றால், மாட்யூலில் உள்ள ஃபங்ஷனை வழக்கம்போல் அழைத்தாலும் பைத்தான் செய்வது இதே தேடல்தான். பெயரைச் சரமாகக் கொடுத்தால் பொருளை எடுத்துத் தரும் 'கெட்ஆட்டர்' அந்தக் கதவை நமக்கும் திறந்துவிடுகிறது, அவ்வளவே. ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷனை வைத்திருக்கும் பொருளுக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குறிக்குள் பெயரைக் கொடுத்தால் போதும். பிஎச்பியில் பெயரை வைத்திருக்கும் மாறிக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறி போடலாம். ஆனால் 'எக்கோ', 'இஸ்செட்' போன்றவை இதற்கு மசியாது, அவை ஃபங்ஷன்களே அல்ல, மொழியின் இலக்கணம். ரூபியில் பெயரை வைத்து அழைக்கும் 'செண்ட்', வெளியிலிருந்து அழைக்கக்கூடாத பிரைவேட் மெத்தடையும் (பொருளுக்குள் இருக்கும் ஃபங்ஷனையும்) எழுப்பிவிடும். அது வேண்டாம் என்றால் 'பப்ளிக்_செண்ட்'.

சரி, பயனர் 'சேமி'க்குப் பதிலாக வேறு பெயரைக் கொடுத்தால்? பிஎச்பியில் 'சிஸ்டம்' என்ற ஃபங்ஷன் இயங்குதளக் கட்டளைகளையே ஓட்டும். வெளியிலிருந்து வரும் பெயரை அப்படியே நம்பினால் சாவியைத் தெருவில் வைத்த கதைதான். அதனால் நான் சொந்தமாக ஒரு சிறு அகராதி எழுதிக்கொள்வேன்: 'சேமி' என்ற சரத்துக்கு எதிரே அந்த ஃபங்ஷன், 'அழி'க்கு எதிரே அதற்கானது. பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் பிழைச் செய்தி. எதிரே எழுதும் ஃபங்ஷனுக்கு அடைப்புக்குறி போடக்கூடாது. போட்டால் அகராதி உருவாகும்போதே அது ஓடித் தொலைக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒருமுறை, எங்கேயும் அழைக்கப்படாத ஃபங்ஷன் என்று தேடிப் பார்த்து உறுதிசெய்து ஒன்றை அழித்தேன். அப்புறம்தான் தெரிந்தது: வேறொரு கோப்பு 'அச்சிடு_' என்ற சரத்தோடு ஆவண வகையை ஒட்டி அதை அழைத்துக்கொண்டிருந்தது. முழுப் பெயர் எந்த வரியிலும் இல்லை. தேடலில் எப்படிச் சிக்கும்? சொந்த அகராதியில் எதிரே எழுதியிருந்தால் சிக்கியிருக்கும்.