'இது புற்றுநோய் மருந்து' என்று வரும் மறுப்புக் கடிதம்

போன வாரம் மறுபடியும் ஒரு கடிதம். 31 வயதுப் பெண், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.). உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிடுக்சிமாப் ஏற்ற வேண்டும். 'இது புற்றுநோய் மருந்து, பரிசோதனை நிலைச் சிகிச்சை' என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி க்ளெய்மைத் தள்ளிவிட்டது. கையில் காசில்லாமல் மூன்று மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார். இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அட்மிஷன் போட்டு ஐந்து நாள் ஸ்டீராய்டு, எம்.ஆர்.ஐ. அந்தப் பில்லுக்கு அதே கம்பெனி கேஷ்லெஸ் கொடுத்தது. அந்தத் தாக்குதல் வராமல் தடுக்கும் மருந்துக்குக் கொடுக்கவில்லை.

ரிடுக்சிமாப் முதலில் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு வந்தது உண்மைதான். அதற்காக அது புற்றுநோய்க்கு மட்டுமான மருந்து ஆகிவிடாது. அது அழிப்பது பி செல்கள் என்ற எதிர்ப்பு சக்தி செல்களை. அந்த செல்கள்தான் எம்.எஸ்ஸிலும் நரம்பின் உறையைத் தாக்கத் தூண்டுகின்றன. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு 2006லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. 2022ல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வில், இரண்டு வருடத்தில் ரிடுக்சிமாப் போட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கே மறுதாக்குதல் வந்தது. எம்.எஸ்ஸுக்கான இன்னொரு மருந்தான டைமெதில் ஃபியூமரேட் மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம். 2023ல் உலக சுகாதார நிறுவனமே எம்.எஸ்ஸுக்கான அத்தியாவசிய மருந்தாக இதைச் சேர்த்துவிட்டது. இன்னும் என்ன பரிசோதனை?

ஆயுள் முழுக்க ஓடும் செலவு என்ற கம்பெனிகளின் பயம் எனக்குப் புரிகிறது. இதே வகை மருந்தான ஓக்ரெலிசுமாப் 2017ல் அமெரிக்காவில் வந்தபோது வருடத்துக்கு 65,000 டாலர். ஆனால் ரிடுக்சிமாபின் பயோசிமிலர், அதாவது அதைப் போலவே தயாரிக்கப்படும் மலிவான மருந்து, 2007லிருந்தே நம் நாட்டில் தயாராகிறது. நாங்கள் அதை எழுதுவதே செலவைப் பார்த்துத்தான்.

ரிடுக்சிமாப் மோனோக்ளோனல் ஆன்டிபாடி என்ற வகை மருந்து. ஊசியாகப் போடும் அந்த வகையை பாலிசியிலிருந்து விலக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019லேயே சொல்லிவிட்டது. உச்சவரம்பு வைக்கலாம், அவ்வளவுதான். அந்த வரம்பு உங்கள் பாலிசியில் எவ்வளவு என்று இன்றைக்கே பாருங்கள். மறுப்பை எழுத்தில் கேளுங்கள், போனில் சொன்னால் விடாதீர்கள். கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி, 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம். இந்த மருந்து ஏன் தேவை என்ற கடிதத்தை உங்கள் நியூராலஜிஸ்டிடம் கேட்டு வாங்குங்கள். எழுதித் தருவது எங்கள் வேலை.

இன்னொன்று. எப்போதோ ஒரு கண் மங்கி, ஸ்டீராய்டில் சரியானது எம்.எஸ்ஸின் முதல் அறிகுறியாக இருந்திருக்கலாம். அதைப் புது பாலிசி எடுக்கும்போது மறைக்காதீர்கள். 'சொல்ல வேண்டாம்' என்கிற ஏஜென்ட் பிறகு போனை எடுக்க மாட்டார். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் எப்படியும் வெளியே வந்துவிடும்.

தயவுசெய்து, க்ளெய்ம் இழுத்தடித்தால் மருந்துத் தேதியை நீங்களாகத் தள்ளாதீர்கள். அதற்கு முன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.