46 கேஜ் கம்பியில் ஒரு கிட்டார்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் பஞ்சமே இல்லை. போர்வெல் ஆழமாகிக்கொண்டே போகும் ஊரில் மோட்டார் புகைவதும், அதைக் கழற்றி வைண்டிங் பட்டறைக்குத் தூக்கிப் போவதும் சகஜம். எலக்ட்ரிக் கிட்டாரைப் பற்றிய பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கக் காரணம் இருக்கிறது. அந்தக் கருவிக்குக் குரல் கொடுப்பது, பட்டறைக்காரர் தினமும் சுற்றுகிற அதே எனாமல் பூசிய செப்புக் கம்பிதான்.

இப்போது கிட்டாரைப் பாகம் பாகமாக, கிட் என்று பெட்டியில் போட்டு விற்கிறார்கள். குழி வெட்டிய பாடி, மெட்டுகள் (விரலை அழுத்தும் இடத்து உலோகப் பட்டைகள்) அடித்த கழுத்து, பிக்கப், பாட் (திருகினால் சத்தத்தையும் டோனையும் மாற்றும் பாகம்), ஸ்விட்ச், பிரிட்ஜ் (பாடியில் தந்திகளைத் தாங்கும் பாகம்), டியூனிங் கீ, ஒரு பொட்டலம் திருகு. கொஞ்சம் மரவேலை, கொஞ்சம் பெயிண்ட் வேலை, கொஞ்சம் சால்ட்ரிங். பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் முதலில் யோசிப்பது என்ன கலர் அடிக்கலாம் என்பதைத்தான். அடியுங்கள், தப்பில்லை. ஆனால் கையில் இருக்கும் காசையும் பொறுமையையும் எங்கே செலவழித்தால் சத்தம் மாறும் என்று தெரிய வேண்டுமானால், பிக்கப்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய காயிலும், அவ்வளவுதான். மேலே ஓடும் எஃகுத் தந்தியைக் காந்தம் லேசாகக் காந்தமாக்கிவிடுகிறது. தந்தி அதிரும்போது காயிலுக்குள் போகும் காந்தப் புலம் கூடிக் குறைகிறது. மாறும் காந்தப் புலம் காயிலில் மின்னழுத்தத்தை உண்டாக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831இல் காட்டினாரே, அதே விதிதான் இங்கும். மிகத் தடித்த தந்தி நொடிக்கு 82 தடவை அதிர்ந்தால் மின்னழுத்தமும் 82 தடவை ஏறி இறங்கும். மெல்லிய தந்திக்கு 330 தடவை. ஆம்ப் அதைப் பெருக்கி ஸ்பீக்கரை ஆட்டுகிறது. இங்கே காற்றில் பரவும் ஒலிக்கு வேலையே இல்லை. நைலான் தந்தி மாட்டி எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் ஆம்ப் வாய் திறக்காது. இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் ஜார்ஜ் போஷாம் என்பவர் 1937இல் காப்புரிமை பெற்றார்.

மின்னழுத்தம் போதுமான அளவு வர வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். ஒற்றைக் காயில் பிக்கப் ஒன்றில் சுமார் 8,000 சுற்று இருக்கும். அந்தச் சின்னக் கூட்டில் அத்தனையும் அடங்க வேண்டுமென்றால் கம்பி தலைமுடி தடிமனில் இருந்தாக வேண்டும்.

எனக்கு வந்த கிட்டில் ஒரு பிக்கப்பின் வெளிமுனை அறுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு வைண்டிங் பட்டறைக்குப் போனேன். “42 கேஜ் கம்பின்னு பேப்பர்ல போட்டிருக்குண்ணே” என்றேன். பட்டறைக்காரர் அறுந்த நுனியை இழுத்து, எனாமலைச் சுரண்டி, மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தார். “இது நம்ம கணக்குல 46 தம்பி. 42ன்னா இதுக்குள்ள பாதிச் சுத்துகூட நிக்காது” என்றார். அவர் சொன்னது சரி. கிட்டார்க்காரர்கள் பேசுவது அமெரிக்க கேஜ். நம் பட்டறைகளில் புழங்குவது பிரிட்டிஷ் கேஜ். அமெரிக்க 42, பிரிட்டிஷ் 46 இரண்டுக்கும் தடிமன் ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர். வெளியிலிருந்து ஒரு சுற்றைப் பிரித்து, நுனியில் ஈயம் வைத்து, கொஞ்சம் தடித்த ஒயரோடு சேர்த்துவிட்டார். பிக்கப்பைப் புதிதாகச் சுற்ற விரும்புகிறவர்கள் கடையில் கேட்க வேண்டியது 46தான்.

மல்டிமீட்டரை வைத்து இன்னொரு கணக்கும் போடலாம். இந்தக் கம்பிக்கு மீட்டருக்கு 5.4 ஓம் மின்தடை. பிக்கப் 6,000 ஓம் காட்டினால் உள்ளே 1,100 மீட்டர் கம்பி இருக்கிறது என்று அர்த்தம். ஒரு கிலோமீட்டருக்கும் மேல்! ஆனால் சித்திரை மாத மதியத்தில் அளந்துவிட்டு “கம்பெனிக்காரன் சொன்னதைவிட அதிகமாகக் காட்டுதே” என்று குழம்ப வேண்டாம். செம்பின் மின்தடை ஒரு டிகிரி வெப்பத்துக்கு 0.4 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 6,000 ஓம் இருந்தது 40 டிகிரியில் கிட்டத்தட்ட 6,480 ஆகிவிடும்.

காயிலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. தந்தியின் அசைவையும் டியூப்லைட் சோக்கின் காந்தப் புலத்தையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் ஆம்ப்பில் 50, 100 என்று ஒரு ரீங்காரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஊர்த் திருவிழாவில் சீரியல் செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே மேடை போட்டால் கேட்கவே வேண்டாம். கிப்சன் கம்பெனியில் இருந்த செத் லவர் 1955இல் இதற்கு வழி கண்டார். காயிலை இரண்டாக வைத்தார். இரண்டாவதில் சுற்றும் திசையும் எதிர், காந்த முனையும் எதிர். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்கு இவருடைய காந்தம் எந்தப் பக்கம் என்ற அக்கறை இல்லை. எதிர்த் திசையில் சுற்றிய இரண்டு காயிலிலும் தலைகீழாக வந்து ஒன்றை ஒன்று தின்றுவிடும். தந்தியின் சிக்னலோ காந்தத்தால் ஒரு தடவை, சுற்றால் ஒரு தடவை என இரண்டு முறை புரள்வதால் ஒரே திசையில் சேர்ந்துகொள்கிறது. ஹம்பக்கர் என்பது இதுதான். ஒற்றைக் காயில் கிட்தான் வைத்திருக்கிறீர்களா? பாடியின் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி, அதை எர்த்தோடு சேருங்கள். காந்த வழியாக வரும் ரீங்காரம் போகாது. மற்ற கரகரப்பு நன்றாகவே குறையும்.

எர்த் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து பாட் முதுகுக்கு ஒரு ஒயர் போகும். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் அடங்குவது இதனால்தான். ஆனால் அதே ஒயர் வழியாக உங்கள் கையும் ஆம்ப்பின் பாடியும் ஒன்றாகிவிடுகின்றன. எர்த் சரியில்லாத ஜெனரேட்டர் மேடையில் ஆம்ப் லீக் ஆனால் அடி உங்களுக்குத்தான். பிளக்கில் எர்த் பின் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லாமல் செருகாதீர்கள். பாட் முதுகில் ஈயம் வைக்க 25 வாட் சால்ட்ரிங் அயர்ன் திணறும். அந்தத் தகடு சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உப்புத்தாளால் சுரண்டிவிட்டு, 40 வாட்டுக்கு மேல் உள்ளதால் சட்டென்று வைத்து எடுத்தால் ஒட்டும்.

சரி, சத்தத்தை மாற்றுவது எப்படி? பிக்கப் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது பெரிய விஷயம். பிரிட்ஜை ஒட்டி இருந்தால் சத்தம் கூர்மை, கழுத்துப் பக்கம் இருந்தால் குழைவு. பிரிட்ஜிலிருந்து தந்தியின் கால் பங்கு தூரத்தில் நான்காவது கிளைச்சுரம் (மூலச் சுரத்தைப்போல் நான்கு மடங்கு அதிர்வு) அசையாத புள்ளி இருக்கும். அங்கே பிக்கப் வைத்தால் விரல் வைக்காத தந்தியின் அந்தக் கிளைச்சுரம் அதற்குக் கேட்காது. அப்புறம் பாட்: ஒற்றைக் காயிலுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். மதிப்பு கூடினால் சத்தம் பளிச்சிடும். டோன் பாட்டோடு தொங்கும் கெப்பாசிட்டர் 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட். டோனை மூடும்போது உயர்ந்த அதிர்வுகளை எர்த்துக்கு வடித்துவிடுவது அதன் வேலை.

யாரும் கண்டுகொள்ளாத பாகம் ஒன்று உண்டு: கிட்டாரிலிருந்து ஆம்ப்புக்குப் போகும் கேபிள். அதுவும் ஒரு கெப்பாசிட்டர்தான், மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபாரட். பிக்கப்பின் இண்டக்டன்ஸோடு (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் காயிலின் குணம், அலகு ஹென்ரி) சேர்ந்து அது ஒரு ஒத்ததிர்வைத் தருகிறது; அந்த ஒரு அதிர்வெண்ணில் சிக்னல் உச்சத்துக்கு எழும். கிட்டாரின் பளபளப்பு அந்த இடத்தில்தான். 2.4 ஹென்ரி பிக்கப்புக்கு 5 மீட்டர் கேபிள் போட்டால் அந்த உச்சம் சுமார் 4,200 ஹெர்ட்ஸில் விழும். 10 மீட்டர் போட்டால் 3,100க்கு இறங்கி, சத்தம் மங்கிவிடும். விலை உயர்ந்த பிக்கப் வாங்குவதற்கு முன் சின்ன கேபிளில் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

மரம்? தேக்கா, மாமரமா, நூக்கா என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். தந்தியின் ஆற்றலை மரம் கொஞ்சம் உறிஞ்சத்தான் செய்யும். ஆனாலும் இரண்டு பாடிக்குள்ள வித்தியாசத்தைவிட இரண்டு கேபிளுக்குள்ள வித்தியாசம் காதில் சுலபமாக விழும் என்பது என் கட்சி. பெயிண்டை டூவீலர் டிங்கரிங் பட்டறையில் அடித்துக்கொள்ளலாம். கழுத்து உட்காரும் குழிக்குள் மட்டும் பெயிண்ட் போகாமல் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

கழுத்துதான் கறாரான இடம். வீணையில் மெட்டுகள் மெழுகில் உட்கார்ந்திருக்கும். சுருதி பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். கிட்டாரில் மெட்டு அடித்தது அடித்ததுதான். ஒவ்வொரு மெட்டுக்கும் அதிர்வெண் 1.0595 மடங்கு ஏற வேண்டும். பன்னிரண்டு மெட்டு ஏறினால் சரியாக இரண்டு மடங்கு. தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்றால் முதல் மெட்டு 36.4 மில்லிமீட்டரில், பன்னிரண்டாவது நடுவில், 324இல். இந்தக் கணக்கெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. உங்கள் கையில் இருப்பது பிரிட்ஜை எங்கே முடுக்குகிறீர்கள் என்பது. அது 3 மில்லிமீட்டர் பின்னால் போனால் பன்னிரண்டாம் மெட்டில் சுரம் அரைச்சுரத்தின் 8 சதவீதம் தாழ்ந்துவிடும். பழகிய காதுக்கு அது உறுத்தும். அதற்காகக் கணக்குப்படி 648இல் அப்படியே வைப்பதும் சரிவராது. மெட்டில் அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுரம் ஏறும்; அதைச் சமன்செய்ய, பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடிலைக் கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும், தடித்த தந்திக்குக் கூடுதலாக. ஆகவே துளை போடுவதற்கு முன் சேடில் முன்னும் பின்னும் நகர எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறு தந்தியும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய 45 கிலோ, ஒரு சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. கழுத்து வில்லாக வளையாமல் உள்ளே ஓடும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பி தாங்குகிறது. ஆலன் கீயால் கால் சுற்றுதான் திருப்ப வேண்டும்; திருப்பிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள், மரம் மெதுவாகத்தான் ஒத்துக்கொள்ளும். முதல் மெட்டிலும் கழுத்து பாடியோடு சேரும் மெட்டிலும் ஒரே நேரத்தில் தந்தியை அழுத்தினால், நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் போதும்.

கழுத்து அந்த நிலையிலேயே நிற்கும் என்று எண்ண வேண்டாம். பங்குனி, சித்திரையில் நம் பக்கத்துக் காற்று மரத்தின் ஈரத்தை உறிஞ்சும். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, அகலவாக்கில் சுருங்கும். உள்ளே அடித்த உலோகம் சுருங்காது. கழுத்தின் ஓரமாக நகத்தை ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு மெட்டின் நுனியும் கரகரவென்று இடறும்; வேகமாக வாசித்தால் உள்ளங்கையைக் கீறிவிடும். சின்ன அரத்தைச் சாய்த்துப் பிடித்து நுனிகளை மட்டும் தட்டினால் சரியாகிவிடும். மழைக்காலத்தில் அடைத்து வைத்த வீட்டில் வாசித்துவிட்டு இந்த வேலையை ஆரம்பிக்காதீர்கள். மரம் முழுக்கக் காய்ந்த கோடையில் செய்தால் ஒரே தடவையில் முடியும். அப்புறம் மெட்டைப் பளபளப்பாக்க இரும்பு நார் போட்டுத் தேய்ப்பவர்கள் முதலில் பிக்கப்பை டேப் ஒட்டி மூடிவிடுங்கள். உதிரும் துகளை அந்தக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும். மறுபடி எடுப்பது பெரும்பாடு.