காலி சீட் ஏன் மலிவாவதில்லை?

நாளைக் காலை கிளம்பும் விமானத்தில் இருபது சீட் காலி. கதவைச் சாத்திவிட்டால் அவற்றுக்குப் பைசா மதிப்பில்லை. இரவு கடை கட்டும் நேரத்தில் தள்ளுவண்டிக்காரர் மிஞ்சிய கீரைக்கட்டை வந்த விலைக்குக் கொடுப்பதுபோல விமான கம்பெனிகளும் கொடுக்கலாமே? நடப்பது நேர்மாறு. ஒரு மாதம் முன்பு ஐயாயிரம் ரூபாய் காட்டிய சென்னை - டெல்லி டிக்கெட், முந்தின நாள் இரவு பதினைந்தாயிரம் காட்டினால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

பேராசைதான். ஆனால் கணக்குப் போட்ட பேராசை. அந்தக் கணக்கை 1972-இல் எழுதியவர் கென் லிட்டில்வுட், பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனத்தில் வேலை பார்த்தவர்.

ஒரே ஒரு சீட் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அதை 5,000 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா, இல்லை 15,000 கொடுக்கிறவர் வருவார் என்று வைத்திருக்கலாமா? லிட்டில்வுட்டின் விதிப்படி, அப்படி ஒருவர் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் வைத்திருப்பதே மேல். வாய்ப்பு 40 சதவீதம் என்றால் அந்தக் காலி சீட்டின் சராசரி மதிப்பு 6,000 ரூபாய். கையில் இருக்கும் ஐயாயிரத்தைவிட ஆயிரம் அதிகம். அதாவது, பத்துக்கு ஆறு தடவை அந்த சீட் காலியாகவே பறந்தாலும் கம்பெனிக்கு லாபம்தான். நம் பக்கத்து சீட் காலியாக இருக்கும்போது ‘இதை மலிவாக விற்றிருக்கலாமே’ என்று தோன்றுவதற்கும், அவர்கள் விற்காததற்கும் இடையே உள்ள வித்தியாசம் இந்த ஆயிரம் ரூபாய்.

இன்று இதைக் கணினிகள் செய்கின்றன. ஒரே எகானமி வகுப்பு, உள்ளுக்குள் ஆங்கில எழுத்துகளால் குறிக்கப்படும் பல விலைப் படிகளாகப் பிரிந்திருக்கிறது. கீழ்ப்படி விற்றுத் தீர்ந்தாலோ, மேல்படிக்கு ஆள் வருவார்கள் என்று கணிப்பு சொன்னாலோ, கீழ்ப்படி மூடப்படும். ‘ரெண்டு தடவை தேடினேன், விலையை ஏத்திட்டான்’ என்பார்கள். பெரும்பாலும் நம் தேடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இடையில் யாரோ அந்தப் படியின் கடைசி சீட்டை வாங்கியிருப்பார்கள். அல்லது ஒப்பீட்டுத் தளம் முதலில் காட்டியதே பழைய விலையாக இருந்திருக்கும்.

இந்தப் படிகளில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடினால், நான்கு சீட்டும் ஒரே படியில் கிடைக்கிறதா என்றுதான் பொதுவாகக் கணினி பார்க்கும். கீழ்ப்படியில் இரண்டுதான் மிச்சம் என்றால் நால்வருக்கும் மேல்படி விலை. இரண்டிரண்டாகப் பிரித்துத் தேடினால் பாதிப் பேருக்காவது காசு மிச்சம். அவசரத்தில் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் இதை முதலில் செய்து பார்க்கலாம்.

சரி, கடைசி ஒரு மணி நேரத்தில், இனி யாருமே வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகாவது குறைக்கலாமே? குறைத்தால் ஜனங்கள் பழகிவிடுவார்கள். முன்னதாக வாங்குகிறவர்களும் காத்திருக்கத் தொடங்கினால் மொத்தக் கணக்கும் கவிழும். 1977 செப்டம்பரில் ஃப்ரெடி லேக்கர் என்ற தொழிலதிபர் லண்டன் - நியூயார்க் தடத்தில் ஸ்கைட்ரெயின் என்ற சேவையைத் தொடங்கினார். முன்பதிவு கிடையாது, அன்றைக்குப் போய் டிக்கெட் எடுத்து அன்றைக்கே ஏறலாம், 59 பவுண்டு. கூட்டம் தாங்கவில்லை. சீசனில் டிக்கெட்டுக்காகத் தெருவிலேயே படுத்துக் கிடந்தார்கள். பெரிய நிறுவனங்களும் தங்கள் கட்டணங்களை இறக்கிப் போட்டிக்கு வந்தன. 1982 பிப்ரவரியில் லேக்கரின் கம்பெனி திவாலானது.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1985-இல் வேறு வழி பிடித்தது. மலிவு விலை உண்டு, ஆனால் குறிப்பிட்ட சில சீட்டுகளுக்கு மட்டும், அதுவும் பல நாள் முன்பே வாங்குகிறவர்களுக்கு மட்டும். எல்லா சீட்டையும் மலிவாக விற்றுவந்த பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற நிறுவனம் சுமார் இரண்டு ஆண்டில் காணாமல் போனது. முந்தினால் மலிவு, பிந்தினால் தண்டம் என்ற வழக்கம் வேரூன்றியது அப்போதுதான்.

அப்படியானால் கடைசி நேரத்தில் மலிவு டிக்கெட் கிடைப்பது எப்போது? கணிப்பு தப்பும்போது. அல்லது, காசைப் பார்க்காமல் வாங்கும் ஆபீஸ் பயணி வரவே மாட்டான் என்று கணினிக்குத் தெரிந்த விமானத்தில். திங்கள் காலை ஆறு மணி டெல்லி விமானத்தில் அதை எதிர்பார்ப்பது வீண். செவ்வாய் மதியம் கிளம்பும் விமானத்தில் தேடலாம். மதுரைக்கு விலை எகிறியிருந்தால் திருச்சி, தூத்துக்குடி என்று பக்கத்து நிலையங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு தடத்துக்கும் கணிப்பு தனித்தனி என்பதால். போகவர ஒரே கம்பெனியில்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. உள்நாட்டில் போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாக எடுத்தாலும் பொதுவாக நஷ்டமில்லை. தீபாவளி, பொங்கல் சமயத்தில் மட்டும் இந்த யோசனை எதுவும் எடுபடாது.

இன்னொரு இடம் பலருக்குத் தெரியாது. கூட்டம் அதிகமுள்ள தடங்களில் டிராவல் ஏஜென்ட்கள் மாதக்கணக்கில் முன்பே மொத்தமாக சீட் வாங்கி வைப்பார்கள். ‘சீரிஸ் டிக்கெட்’ என்பார்கள். பயணிகளின் பெயர்களைக் கம்பெனிக்குக் கொடுக்க ஒரு கெடு உண்டு. அது நெருங்கியும் சீட் விற்காவிட்டால் போட்ட முதல் போச்சு. விலை குறைத்தால் வாடிக்கையாளர் பழகிவிடுவாரே என்ற கவலை விமான கம்பெனிக்கு உண்டு. அந்த ஏஜென்டுக்கு இல்லை. அதனால் இணையத்தில் பதினைந்தாயிரம் காட்டும் அதே விமானத்துக்கு அவரிடம் குறைந்த விலை கிடைக்கலாம். இத்தகைய டிக்கெட்டை ரத்து செய்தால் பெரும்பாலும் பணம் திரும்பாது, தேதியும் மாற்ற முடியாது. அதைக் கேட்டுக்கொண்டு, பி.என்.ஆர். எண் கைக்கு வந்ததும் விமான நிறுவனத்தின் தளத்தில் நம் பெயர் ஏறிவிட்டதா என்று பார்த்துவிட வேண்டும்.