மானியம் கேட்கும் முன் தாள்களைச் சரிபாருங்கள்

கூரை ஒழுகினால் கிறிஸ்தவச் சபைகளில் முதலில் தேடுவது விண்ணப்பப் படிவத்தைத்தான். தேட வேண்டியது பதிவுச் சான்றிதழை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நியாயமான தேவை உள்ள விண்ணப்பங்கள்கூடத் தாளுக்குத் தாள் பெயர் ஒத்துப்போகாமல் திரும்பி வருகின்றன.

சான்றிதழில் முழுப் பெயர், வங்கியில் சுருக்கப் பெயர், நிலப் பட்டாவில் வேறொரு அமைப்பு. கத்தோலிக்கப் பங்குகளின் நிலம் பெரும்பாலும் கத்தோலிக்க ஆயர்களுக்கான 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஆயர் பதவியின் பெயரில் இருக்கும். மெதடிஸ்ட் சபைகளுக்கு அறங்காவலர்கள் பெயரில். உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் இல்லாமல் கட்டட வேலைக்குப் பணம் கிடைப்பது அரிது. ஒப்புதல் தரும் கூட்டங்கள் நம் அவசரத்துக்குக் கூடமாட்டா; கடிதத்தை முதலிலேயே கேட்டு வையுங்கள். ஆர்.ஓ.எஸ். எனப்படும் சங்கப் பதிவகத்தில் பதிந்த சபையாக இருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை போயிருக்க வேண்டும். செயலவை மாறியும் பழைய பொருளாளரே காசோலையில் கையெழுத்திடுவது இன்னொரு தலைவலி.

கட்டடப் பழுதுக்கு வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் ரிபி (முஸ்லிம் அல்லாதார் வழிபாட்டுத் தலங்களுக்கான) ஒதுக்கீடு உண்டு. பினாங்கு மாநில அரசிடமும் தனி ரிபி நிதி இருக்கிறது. நிறுவனங்களும் அறவாரியங்களும் பொதுவாக வழிபாட்டுக்குத் தருவதில்லை. டியூஷன், உணவுப் பொட்டலம், முதியோர் பராமரிப்பு போன்றவற்றை எந்த மதத்தினருக்கும் செய்தால் தருவார்கள். அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கேடு வேண்டும். ஞாயிறு பள்ளி நாற்காலியை டியூஷன் செலவில் நுழைத்தால் ஒரே ரசீதில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதிகம் சொதப்புவது கொட்டேஷனில்தான். மூன்று கேட்பார்கள் என்று மூன்று குத்தகையாளர்களிடம் வாய்மொழியாகச் சொன்னால், ஒருவர் கூரை ஓட்டுக்கு மட்டும், ஒருவர் கூரைச் சட்டத்தோடு, ஒருவர் சாரம் கட்டுவதையும் சேர்த்து விலை போடுவார். ஒப்பிடவே முடியாது. எத்தனை சதுர அடி, எந்தத் தகடு, பழையதை யார் அகற்றுவது என்று ஒரே தாளில் எழுதி மூவருக்கும் கொடுங்கள். ஓட்டைப் பிரித்த பிறகுதான் கரையான் அரித்த மரம் தெரியும். ஆகவே 10 விழுக்காடு எதிர்பாராச் செலவுக்கு வையுங்கள். எடுத்துக்காட்டாக, வேலை 60,000 ரிங்கிட் என்றால் மொத்தம் 66,000. அதில் 45,000 கேட்கிறீர்களா? மீதி 21,000 சபையின் கணக்கில் இருப்பதை வங்கி அறிக்கையால் காட்டுங்கள். 'காணிக்கையில் திரட்டுவோம்' என்ற வரி யாரையும் நம்பவைக்காது.

ஒப்புதல் கடிதம் வரும் முன் வேலையைத் தொடங்காதீர்கள். முடிந்துபோன செலவுக்கு மானியம் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் பாரம்பரிய வட்டாரத்துக்குள் என்றால், ஓட்டை மாற்றும் முன்பே மாநகர் மன்றத்திடம் பேசிவிடுவது நல்லது.

சபையாரிடம் திரட்டும்போது ஓர் எச்சரிக்கை. வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற நிதிக்குக் கொடுத்தால்தான் நன்கொடையாளருக்குக் கழிவு, அதுவும் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை. அங்கீகாரம் இல்லாமல் ரசீதில் 'வரிக் கழிவு உண்டு' என்று அச்சடிக்கக் கூடாது.

பணம் வந்ததும் சபைக் கணக்கிலிருந்தே குத்தகையாளருக்குச் செலுத்துங்கள், பொருளாளரின் சொந்தக் கணக்கு வழியாக அல்ல. முன், இடை, பின் என மூன்று கட்டங்களிலும் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். மிச்சம் விழுந்தால் வேறு வேலைக்குத் திருப்புமுன் எழுத்தில் அனுமதி கேளுங்கள்; தொலைபேசியில் 'சரி' சொன்ன அதிகாரி அடுத்த ஆண்டு மாற்றலாகிப் போயிருக்கலாம்.