கன்னியாகுமரியின் எண் மக்களவைக்குப் போகும் வழி

மக்களவை கூடும் நாள்களில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் ஒரு கிழமை உண்டு. சுகாதாரத்துக்கு மக்களவையில் வெள்ளி, மாநிலங்களவையில் செவ்வாய். இத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்கள், இத்தனை பிரசவங்கள், இத்தனை டெங்கு நோயாளிகள் என்று அமைச்சர் பதில் தருகிறார். மறுநாள் அது செய்தியாகிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த எண்ணை அமைச்சர் உண்டாக்குவதில்லை. பேச்சிப்பாறை மலையடிவாரத்திலோ வள்ளவிளைக் கடற்கரையிலோ ஒரு கிராம சுகாதார செவிலியர் செய்த பதிவில் அது தொடங்குகிறது. வழியில் அதற்கு என்னவெல்லாம் ஆகிறது என்று தெரிந்துகொண்டால் அமைச்சரின் பதிலைச் சரியாகப் படிக்க முடியும். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது இன்னும் அவசியம். இந்த மாவட்டத்தின் எண்கள் வழியில் மற்ற மாவட்டங்களைவிட அதிகமாக வளைகின்றன.

முதலில் கேள்வி. மக்களவை உறுப்பினர் குறைந்தது 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 150 சொல்லுக்குள் கேட்க வேண்டும். வந்து குவியும் நோட்டீஸ்களில் எது அவைக்கு வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியிட்டவை. இவற்றுக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்கலாம். இன்னும் 230 கேள்விகளுக்கு எழுத்தில் மட்டும் பதில் வரும். நட்சத்திரக் கேள்விகளிலும் 12 மணிக்குள் முறை வராதவை எழுத்துப் பதிலோடு நின்றுவிடும். ஆகவே நம் ஊரைப் பற்றிய பதில்களில் பெரும்பாலானவை யாரும் அவையில் பேசாதவை, நாடாளுமன்ற இணையதளத்தில் ஏற்றப்பட்டவை. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

படிக்கப் போனால் பல பதில்கள் ஒரே வரியில் தொடங்குவதைக் காணலாம்: பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தட்டிக்கழிக்கிறார்கள் என்று பலருக்குக் கோபம் வருகிறது. ஆனால் அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 6ஆவது இனம் அப்படித்தான் சொல்கிறது. குலசேகரத்தில் டாக்டர் பணியிடம் காலியாக இருப்பதைச் சென்னைச் சட்டமன்றத்தில்தான் கேட்க வேண்டும். டெல்லியின் பங்கு தேசிய சுகாதார இயக்கத்தின் பணம். தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு அதில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற விகிதம். இவ்வளவு பணம் கேட்டார்கள், இவ்வளவு ஒப்புக்கொண்டோம் என்பதை டெல்லி தன் கோப்பிலிருந்தே சொல்லிவிடும். இத்தனை பேருக்கு நோய் என்பதை மாநிலம் அனுப்பினால்தான் சொல்ல முடியும்.

மாநிலத்துக்கு அது எங்கிருந்து வருகிறது? சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது நாடு முழுவதற்குமான நெறி. கோதையாறு, பேச்சிப்பாறைப் பக்கத்துக் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு இரண்டாவது கணக்கு. கர்ப்பம் உறுதியானதும் அந்தப் பெண்ணைப் பிக்மி என்ற, கர்ப்பிணிகளுக்கான தமிழ்நாட்டு அரசின் பதிவுத் தளத்தில் பதிந்து 12 இலக்க எண் தருகிறார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாலும் எண் கூடவே போகும். ஒரே பெண்ணை இரண்டு ஊரில் இரண்டு முறை எண்ணிவிடாமல் இருக்க இதுதான் வழி. மாதம் முடிந்ததும் ஒவ்வொரு நிலையத்தின் கூட்டுத்தொகையும் 2008இல் தொடங்கிய எச்எம்ஐஎஸ் என்ற தேசியத் தளத்துக்குப் போகிறது. நாகர்கோவிலில் மாவட்ட அலுவலகமும் சென்னைத் தேனாம்பேட்டையில் பொது சுகாதார இயக்குநரகமும் பார்த்த பிறகு அது டெல்லியின் அட்டவணையில் சேர்கிறது. படிவத்தில் ஒரு கட்டத்தில் பூஜ்யம் இடுவதும் காலியாக விடுவதும் ஒன்றல்ல. பூஜ்யம் என்றால் அப்படி யாரும் வரவில்லை என்று பொருள். காலி என்றால் ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். கூட்டும்போது கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒன்றாகிவிடலாம்.

டெங்கு எண்ணை மக்கள் நம்பாமல் போவதற்கும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மழைக்காலத்தில் தெருவுக்கு நாலு பேருக்குக் காய்ச்சல். தனியார் ஆஸ்பத்திரியில் ரேபிட் கிட் போட்டு ‘டெங்கு’ என்று சொல்லி அனுப்புவார்கள். அரசு விதிப்படி அது ‘இருக்கக்கூடும்’ என்ற வகைதான். எலிசா போன்ற ஆய்வகப் பரிசோதனையில் உறுதியானால்தான் டெங்கு என்று எண்ணப்படும். அமைச்சர் அவையில் தருவது உறுதியானவர்களின் எண்ணிக்கை. தெருவில் நாம் பார்ப்பது காய்ச்சல் கண்டவர்களின் எண்ணிக்கை. இரண்டும் மெய்தான், ஆனால் ஒன்றை மற்றதன் இடத்தில் வைக்கக் கூடாது.

இனி குமரிக்கே உரிய வளைவுகளுக்கு வருகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் 18,70,374 பேர். அவர்களில் 82 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறத்தார் என்று பதிவாகியிருக்கிறது. ரப்பர் தோட்டமும் வாழைத்தோப்புமாகக் கிடக்கும் பொன்மனை, திற்பரப்பு, கடையால் எல்லாம் எப்படி நகரமாயின? அவை பேரூராட்சிகள், பேரூராட்சி என்றால் கணக்கெடுப்பில் நகரம். மிஞ்சும் ஊரக மக்கள் சுமார் 3.3 லட்சம். ‘ஊரகத்தில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம்’ என்ற நெறியை இந்த 3.3 லட்சத்துக்குப் போட்டுப் பாருங்கள், மாவட்டத்துக்கு 11 நிலையம் போதும் என்று வரும். சரி, மற்றவர்களை நகர்ப்புற சுகாதார இயக்கம் பார்த்துக்கொள்ளுமா? அந்த இயக்கம் பொதுவாக 50,000 பேருக்கு மேல் உள்ள நகரங்களுக்கானது. நம் பேரூராட்சிகளில் பெரும்பாலானவை அந்த அளவை எட்டாதவை, ஆகவே அவர்களும் ஊரகத்துக்கென்று வைத்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத்தான் வர வேண்டும். 2011இல் சுமார் 2.25 லட்சம் பேர் இருந்த நாகர்கோவிலைக் கழித்துவிட்டு மற்ற எல்லாரையும் அதே நெறியில் வகுத்தால் 55 நிலையம் தேவைப்படுகிறது. எதனால் வகுக்கிறோம் என்பது மாறியதும் 11 என்பது 55 ஆகிறது. ‘ஊரக சுகாதாரக் கட்டமைப்பு’ பற்றிய எந்தப் பதிலிலும் குமரிக்கு இந்த ஆபத்து இருக்கிறது என்பது என் கருத்து.

அடுத்தது எல்லை. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இன் படி ஒரு மரணம் நடந்த இடத்தில்தான் பதிவாகும். கொல்லங்கோடு, களியக்காவிளைக்காரர்களுக்குப் பெரிய நோய் என்றால் பல நேரம் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கும் ஆசாரிப்பள்ளத்தைவிடத் திருவனந்தபுரம் பக்கம். மெடிக்கல் காலேஜ், ஆர்சிசி என்ற புற்றுநோய் மையம், ஸ்ரீ சித்ரா மருத்துவ நிறுவனம் எல்லாம் அங்கே. அங்கே இறந்தவரின் பதிவு கேரளத்தில் இருக்கும். மருத்துவமனையை வைத்து எண்ணும் எந்தப் புள்ளிவிவரமும் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் ஓட்டை விழுந்ததாகவே இருக்கும். வசிக்கும் ஊரை வைத்து எண்ணினால்தான் அந்த ஓட்டை அடைபடும்.

புற்றுநோய் விஷயத்தில் இந்த வேறுபாடு உயிரான ஒன்று. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதால், அதில் உள்ள தோரியத்தின் கதிர்வீச்சு இயற்கையாகவே அதிகம். புற்றுநோய் அதனால்தானா என்ற கேள்வி இங்கே ஓயாது. அது நியாயமான கேள்வி. பதில் சொல்ல ‘இந்த ஆஸ்பத்திரியில் இத்தனை நோயாளிகள்’ என்பது உதவாது. வசிக்கும் மக்களை அடிப்படையாகக் கொண்ட பதிவேடு வேண்டும். மாவட்டத்துக்கு வெளியே சிகிச்சை எடுத்தவர்களையும் தேடிச் சேர்க்க வேண்டும். அப்புறம் வயதுக்கேற்பத் திருத்த வேண்டும். குமரியில் பிறப்பு விகிதம் மற்ற பல மாவட்டங்களுக்கு முன்பே குறைந்துவிட்டது, ஆகவே முதியவர்களின் பங்கு அதிகம். புற்றுநோய் வயதோடு கூடுவது. கதிர்வீச்சே இல்லாத ஊரிலும் முதியவர்கள் அதிகமிருந்தால் எண்ணிக்கை ஏறும். கேரளத்தில் இதே போன்ற மணல் உள்ள கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவில் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. இங்கே என்ன நிலை என்று கேட்பவர் ‘வயது திருத்திய விகிதம்’ என்று கேள்வியிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் வெறும் எண்ணிக்கைதான் வரும். அதை வைத்துப் பயப்படவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது.

கடைசி வளைவு மாவட்டத்தின் அளவால் வருவது. பேறுகாலத் தாய் இறப்பு விகிதம் 2018–20இல் இந்தியாவுக்கு 97, தமிழ்நாட்டுக்கு 54. ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு இத்தனை தாய்மார் என்று கணக்கு. கன்னியாகுமரிக்கு எவ்வளவு என்று கேட்டால் இந்த எண்களைத் தந்த ஆய்வு பதில் தராது. தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் பிறப்பு, இறப்பை எண்ணும் மாதிரிப் பதிவு முறை அது, இந்த விகிதத்தை மாவட்டவாரியாக வெளியிடுவதில்லை. மறைக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம், கணக்கே அப்படி. மாவட்டத்தில் ஆண்டுக்கு 20,000 பிறப்புகள் என்று வைத்துக்கொள்வோம். மாநில விகிதப்படி 11 தாய்மார் இறக்கலாம். அரிதாக நடப்பவற்றின் எண்ணிக்கை தற்செயலாகவே ஏறி இறங்கும். எவ்வளவு ஏறி இறங்கும் என்பதற்கு அந்த எண்ணின் வர்க்கமூலம் ஓர் அளவு. 11இன் வர்க்கமூலம் சுமார் 3.3, இரு பக்கமும் அதன் இருமடங்கு விட்டால் 4 முதல் 18 வரை வரலாம். விகிதமாகச் சொன்னால் 20 முதல் 90 வரை. மருத்துவம் கொஞ்சமும் மாறாமலே ஓராண்டு ‘நாட்டிலேயே சிறந்த மாவட்டம்’ என்றும் அடுத்த ஆண்டு ‘கவலைக்கிடம்’ என்றும் தலைப்பு போடலாம். இதற்காகத்தான் ஐந்தாண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது. ஒவ்வொரு தாயும் ஏன் இறந்தார் என்பது வேறு விஷயம். தமிழ்நாட்டில் அதைத் தனித்தனியாக ஆய்வு செய்கிறார்கள், அந்த ஆய்வுக்கு எண்ணிக்கை சிறிதாக இருப்பது தடையில்லை. என்னைக் கேட்டால் மாவட்ட விகிதத்தைவிட அந்த ஆய்வில் வெளிவரும் காரணங்களைத்தான் உறுப்பினர்கள் கேட்க வேண்டும்: ரத்தப்போக்கா, ரத்த அழுத்தமா, ஆம்புலன்ஸ் தாமதமா, ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பியதில் போன நேரமா.

சில நேரம் ‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும்’ என்று மட்டும் பதில் வரும். அது முடிவல்ல. அவை விதிப்படி அது ஓர் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அரசு உறுதிமொழிகள் குழு கணக்குக் கேட்கும். எந்த உறுதிமொழி நிலுவையில் இருக்கிறது என்பதையும் அந்தக் குழுவின் அறிக்கைகளில் பார்க்கலாம்.

குமரிக்காக ஒரு கேள்வி எழுதித் தரச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: ‘கன்னியாகுமரி மாவட்டத்தில் வசிப்போரில், பேரூராட்சி மக்களையும் உள்ளிட்டு, கேரளத்தில் சிகிச்சை பெற்றோரையும் சேர்த்து, கடந்த ஐந்து ஆண்டுகளில் பதிவான புற்றுநோயின் வயது திருத்திய விகிதம் எவ்வளவு, தனியார் மருத்துவமனைகளில் எத்தனை இந்தக் கணக்குக்குத் தகவல் தருகின்றன?’ 150 சொல்லுக்குள் அடங்கிவிடும். அமர்வு தொடங்கும் முன்பே உறுப்பினரின் அலுவலகத்தில் கொடுத்துவிட்டால் 15 நாள் நோட்டீஸுக்கும் நேரம் இருக்கும்.