ரூபாய்: பெயரில் மட்டும் வெள்ளி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் மாமா, ஐந்தாம் ஜார்ஜ் தலை பொறித்த பழைய ரூபாயைத் தராசில் வைத்தார். பதினொன்றரை கிராமுக்குச் சற்று மேலே நின்றது. இன்றைய ஒரு ரூபாயின் மேல் காந்தத்தைக் காட்டினார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. "இது எஃகு. வெள்ளியைக் காந்தம் இழுக்காது" என்றார்.

இரண்டுக்கும் ஒரே பெயர். அந்தப் பெயரின் வேர் வடமொழி 'ரூப்ய'. ரூபம் என்றால் உருவம். உருவம் அடித்தது ரூப்யம். பாணினி இலக்கணமும் இப்படித்தான் சொல்கிறது. வெள்ளி என்ற பொருளும் அந்தச் சொல்லுக்கு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் தில்லியை ஆண்ட ஷேர் ஷா அடித்த வெள்ளிக் காசால் ரூபாய் என்ற பெயர் நிலைத்தது.

ஒரு காலத்தில் சட்டமே உலோகத்தை வைத்து ரூபாயை வரையறுத்தது. 1906ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா; மாமாவின் தராசு காட்டிய அதே எடை. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. நாட்டு மருந்துக் குறிப்புகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று வருவது இந்த எடையால்தான். 1940இல் வெள்ளி காசில் பாதிப் பங்காகக் குறைந்தது. 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டத்தில் ரூபாய்க்கு இவ்வளவு வெள்ளி என்ற பேச்சே இல்லை. எந்த உலோகம் என்பதை அரசு முடிவு செய்யும். காசு அடிப்பதற்கான எஃகு வில்லைகளை வெட்டும் பிரிவு நம் சேலம் உருக்காலையிலேயே இருக்கிறது. வெள்ளிக்குப் பேர்போன ஊர், ரூபாய்க்குத் தருவதோ எஃகு!

"ரிசர்வ் வங்கியில் தங்கம் இருக்கிறதே?" என்று கேட்பார்கள். இருக்கிறது. 115 கோடி ரூபாய்க்குக் குறையாத தங்கம் வைத்திருக்க வேண்டும் என்று அதன் சட்டம் சொல்கிறது. ஆனால் நோட்டை நீட்டி அந்தத் தங்கத்தை யாரும் கேட்க முடியாது. நோட்டில் அச்சிட்ட 'தருவதாக உறுதியளிக்கிறேன்' என்ற வாசகம் ரூபாய்க்கு ரூபாய் தருவதைத்தான் சொல்கிறது.

இந்தப் பணத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் உரூபாய் என்று எழுதுவது மரபு. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் தங்கள் பணத்தை வெள்ளி என்றே அழைக்கிறார்கள், அழகான வழக்கு. ஆனால் இன்றைய ரூபாய்க்கு அந்தப் பெயர் பொருந்தாது என்பது என் கருத்து. உலோகம் எதுவானாலும் சட்டம் ஏற்கச் சொல்லும் பணத்தைச் 'சட்டமுறைச் செலாவணி' என்று எழுதுகிறோம். எனக்குப் பிடித்தது 'செல்லுபடிப் பணம்'. செல்லும், செல்லாது, செல்லாக்காசு என்று நம் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல் அது. 2016 நவம்பர் 8 இரவு கடைவீதியில் எல்லாரும் சொன்னதும் அதைத்தான்: "ஐந்நூறும் ஆயிரமும் இனிச் செல்லாதாம்."